ஏழு வருஷம் பிந்தி வந்த ஆல்பம்

டாக்கிங் ஹெட்ஸின் 'ரிமெய்ன் இன் லைட்' பற்றிப் பேச்செடுத்தால் அதன் ரசிகர்கள் முதலில் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "காலத்தை முந்திய ஆல்பம்." 1980 அக்டோபரில் வெளிவந்தது. எட்டுப் பாடல்கள், ஏறக்குறைய நாற்பது நிமிடம். இன்று கேட்டாலும் நேற்றுப் பதிவானதுபோல இருக்கிறது என்பார்கள். அதில் தப்பில்லை, இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 'காலத்தை முந்தியது' என்பது மட்டும் பொய். அந்த ஆல்பம் ஏழு வருஷம் பிந்தி வந்தது.

என்ன கணக்கு இது என்று கேட்பீர்கள். நைஜீரியாவின் ஃபெலா கூட்டி 'ஆஃப்ரோடிசியாக்' என்ற ஆல்பத்தை வெளியிட்ட ஆண்டு 1973. ரிமெய்ன் இன் லைட்டைச் செய்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் ஸ்டூடியோவுக்குள் போனார்கள். யாரோ துப்பறிந்து கண்டுபிடித்த ரகசியம் இல்லை இது. தயாரிப்பாளர் பிரையன் ஈனோவும் பாடகர் டேவிட் பைர்னும் தாங்களாகவே சொன்ன விஷயம். 2006-இல் வந்த மறுபதிப்பில் முடிக்கப்படாத பதிவுகள் சிலவற்றைச் சேர்த்தார்கள். அதில் ஒன்றின் பெயரே 'ஃபெலாஸ் ரிஃப்'. உறைமேலேயே அச்சடித்திருக்கிறது. ரசிகர்கள்தான் படிப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்த ரசிகர்களோடு சண்டை போடுவதற்காக எழுதுவது. அவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக விடுதியில் இந்த ஆல்பத்தைப் பற்றி நான் பேசியதையெல்லாம் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஈனோ மேதை, பைர்ன் மேதை. அவ்வளவுதான் என் மொத்த விமர்சனமும். போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தபோது இன்னொருவர் அதே வசனத்தைப் பேசினார். "நாலு வெள்ளைக்காரப் பசங்க, 1980-லயே எப்படி மச்சான் இப்படி யோசிச்சானுங்க?" யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் தலையாட்டினோம். அந்தத் தலையாட்டல்மீதுதான் எனக்குக் கோபம்.

எப்படி யோசித்தார்கள் என்றால், லாகோஸில் ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தார்கள். அதுதான் பதில்.

ஃபெலாவின் 'ஆப்பிரிக்கா 70' குழுவைக் கேட்டதில்லை என்றால் முதலில் கேட்டுவிடுங்கள். ஒரு பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டி ஓடும். கிட்டார் மிகச் சின்னதொரு துணுக்கை எடுத்துக்கொண்டு அதையே வாசித்துக்கொண்டிருக்கும். பேஸ் இன்னொரு துணுக்கு. ஊதுகருவிகள் வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போகும். பெண்குரல்கள் பதில் சொல்லும். இதற்கெல்லாம் அடியில் டோனி ஆலனின் டிரம்ஸ். இரண்டு கையும் இரண்டு காலும் நான்கு வெவ்வேறு ஆட்களுக்குச் சொந்தம்போல அவர் வாசிப்பார். ஆஃப்ரோபீட் என்று இன்று நாம் சொல்வதில் பாதி அந்த மனிதரின் மணிக்கட்டில் இருந்தது.

சும்மா ஆடுவதற்கான இசையும் இல்லை அது. ராணுவ வீரர்களை நடைப்பிணங்கள் என்று கேலி செய்து ஃபெலா 'ஸோம்பி' பாடினார். 1977 பிப்ரவரியில் சுமார் ஆயிரம் ராணுவத்தினர் அவர் குடியிருப்பைச் சூழ்ந்து தீவைத்தார்கள். அவருடைய தாயார் ஃபன்மிலாயோ ரான்சம்-கூட்டி நைஜீரியப் பெண்கள் இயக்கத்தின் பெரிய தலைவர். அவரை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். நியூயார்க்கில் நான்கு பேர் கிட்டாரோடு அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்தான் இவை. 'காலத்தை முந்தியது' என்று சொல்லும்போது, யாருடைய காலம் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. நியூயார்க் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உலகத்துக்கே நேரம் சொல்கிறோம்.

இதைச் சொன்ன உடனே எதிர்முகாமிலிருந்து ஒரு குரல் வரும். "அப்படின்னா இது திருட்டுதானே?" கொஞ்ச காலமாக இந்த முகாமும் வளர்ந்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் ஆப்பிரிக்க இசையைச் சுரண்டினார்கள், ஆகவே ஆல்பத்தைத் தூக்கி ஓரமாக வை. ஒரே வரியில் தீர்ப்பு. மேதை என்பவர்களுக்கும் திருடன் என்பவர்களுக்கும் ஆகாது என்று நினைப்போம். ஆனால் இருவரும் செய்வது ஒன்றைத்தான்: பெயர் தெரிந்த ஒரு ஆளைப் பிடித்து நிறுத்தி, ஒருவர் மாலை போடுகிறார், மற்றவர் செருப்பு வீசுகிறார். பாட்டை இருவருமே கேட்பதில்லை.

திருட்டுமுகாம் விட்டுவிடும் தகவல் ஒன்று. ஆல்பம் வெளிவந்தபோது டேவிட் பைர்ன் பத்திரிகைகளுக்கு ஒரு புத்தகப் பட்டியலையும் சேர்த்து அனுப்பினார். அதில் ஜான் மில்லர் செர்னாஃப் 1979-இல் எழுதிய 'ஆப்பிரிக்கன் ரிதம் அண்ட் ஆப்பிரிக்கன் சென்சிபிலிட்டி' இருந்தது. செர்னாஃப் கானாவுக்குப் போய் வருடக்கணக்கில் மேளம் கற்றுக்கொண்ட அமெரிக்கர். ஒரு ஆள் வாசிக்கும் தாளம் தனியாக முழுமை பெறாது, பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதோடு சேரும்போதுதான் அதற்கு அர்த்தம் வரும் என்று அந்தப் புத்தகம் விளக்குகிறது. ராக் பாடகர் ஒருவர் தன் ஆல்பத்தோடு கடன்பத்திரத்தையும் சேர்த்து அனுப்புவது சாதாரண விஷயம் இல்லை. திருடுகிறவன் கடை முகவரியை எழுதிவைத்துவிட்டுப் போவதில்லை.

அதற்காகப் பைர்னைப் புனிதர் ஆக்கவும் முடியாது. ஏறத்தாழ அதே காலத்தில் அவரும் ஈனோவும் சேர்ந்து இன்னொரு ஆல்பம் செய்தார்கள். 1981-இல் வந்தது. அதற்கு வைத்த பெயர் 'மை லைஃப் இன் தி புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்'. நைஜீரிய எழுத்தாளர் ஆமோஸ் டுடுவோலாவின் 1954-ஆம் ஆண்டு நாவலின் தலைப்பு அது. பெயர் வைத்தபோது நாவலை இருவருமே படித்திருக்கவில்லை என்று பைர்னே பின்னாளில் எழுதினார். வாசகர்களாகிய நமக்கு இது உறைக்க வேண்டும். ஒரே மனிதர் ஒரு கையால் நூல்பட்டியல் அனுப்புகிறார், இன்னொரு கையால் படிக்காத நாவலின் பெயரை எடுத்துக்கொள்கிறார். இதை மாலையாலும் விளக்க முடியாது, செருப்பாலும் விளக்க முடியாது. உட்கார்ந்து கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

சரி, கணக்கைப் பார்ப்போம். ஸ்டூடியோவிலிருந்து தொடங்கலாம்.

1980 ஜூலையில் டாக்கிங் ஹெட்ஸ் பஹாமாஸின் நாசாவில் உள்ள காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவுக்குப் போனபோது அவர்கள் கையில் பாடல் எதுவும் இல்லை. அதுவரை பைர்ன் பாட்டை எழுதிக் கொண்டுவருவார், மற்றவர்கள் அதற்கு வாசிப்பார்கள். இந்த முறை எல்லாரும் சேர்ந்து வெறுமனே வாசிக்கத் தொடங்கினார்கள். எங்காவது ஒரு துண்டு நன்றாக அமைந்தால், அதையே நிமிடக்கணக்கில் மாறாமல் வாசிப்பது. இன்று லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டினால் ஒரு துண்டு லூப்பாக ஓடும். அன்று அவர்களிடம் அந்தக் கருவி இல்லை. மனிதர்களே லூப்பாக ஓடினார்கள்.

அடுத்து நடந்ததுதான், பொறியியல் படித்தவன் என்ற முறையில், எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சாதாரணப் பாட்டில் பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும்போது கிட்டாரின் கார்ட் மாறும். நமக்குப் பாதை திரும்பியது தெரியும். இந்த ஆல்பத்தின் பெரும்பகுதியில் அது மாறுவதே இல்லை. ஒரே கார்ட்மேல் பாட்டு முழுக்க நிற்கிறது. அப்புறம் எப்படிப் பல்லவி, சரணம் என்று பிரித்தார்கள்? மிக்ஸிங் மேசையில். பத்துப் பதினைந்து வாசிப்புகள் தனித்தனித் தடங்களில் ஓடிக்கொண்டிருக்க, சிலவற்றின் ஒலியை அடைத்தார்கள், சிலவற்றைத் திறந்தார்கள். இந்த மூன்றும் திறந்தால் சரணம், அந்த ஐந்தும் சேர்ந்தால் பல்லவி. எல்லாரும் எப்போதும் வாசித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். யார் காதில் விழுகிறார்கள் என்பதுதான் மாறுகிறது.

இதைப் புரிந்துகொண்டு 'தி கிரேட் கர்வ்' பாட்டைக் கேட்டுப் பாருங்க. குரல்களே மூன்று நான்கு அடுக்காக, ஒவ்வொன்றும் தன் வரியைப் பிடித்துக்கொண்டு சுற்றும். எதை முதன்மைக் குரல் என்பது, எதைப் பின்குரல் என்பது? சொல்ல முடியாது. அதுதான் அவர்கள் லாகோஸிலிருந்து எடுத்துக்கொண்டது. மேளத்தின் சத்தத்தையோ பாட்டின் மெட்டையோ எடுக்கவில்லை. நடுவில் ஒருவர், சுற்றி மற்றவர்கள் என்ற ராக் இசையின் இருக்கை வரிசையைக் கலைக்கும் முறையை எடுத்துக்கொண்டார்கள்.

'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' பாட்டில் தாளத்தின் முதல் அடி எங்கே விழுகிறது என்பதிலேயே ஈனோவின் காதும் குழுவின் காதும் ஒத்துப்போகவில்லை. ஒன்றைச் சரி, ஒன்றைத் தப்பு என்று தீர்க்காமல் இரண்டு கேட்பையும் பாட்டுக்குள் விட்டுவைத்தார்கள். கால் தரையில் படாமல் மிதப்பதுபோல அந்தப் பாட்டு நமக்குத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு மேதையின் மூளையில் உதித்த திட்டமல்ல, இரண்டு தரப்பு ஒத்துப்போகாததை அழிக்காமல் விட்ட பெருந்தன்மை.

இப்போது அந்த 'நாலு வெள்ளைக்காரப் பசங்க' விஷயத்துக்கு வருவோம். முதல் தவறு, நாலு பேரும் பசங்க இல்லை. பேஸ் வாசித்தது டீனா வேமத் என்ற பெண். இரண்டாவது, அந்த ஒலியை நாலு பேர் செய்யவில்லை. கிறிஸ் ஃபிரான்ட்ஸ் டிரம்ஸ், ஜெர்ரி ஹாரிசன் கிட்டாரும் கீபோர்டும். 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' முடிவில் எழுந்து வருமே ஓர் ஆர்கன், அது ஹாரிசனின் வேலை. மிருகம் கத்துவதுபோல் வரும் தனி கிட்டார் ஏட்ரியன் பெலு. பெண்குரல் நோனா ஹென்ட்ரிக்ஸ், லபெல் குழுவில் பாடிய கறுப்பினப் பாடகி. 'ஹவுசஸ் இன் மோஷன்' பாட்டில் யானை பிளிறுவதுபோலக் கேட்பது ஜான் ஹாசலின் டிரம்பெட். கூடவே, ஸ்டீவன் ஸ்டான்லி. ஜமைக்காக்காரர், இளைஞர். முதலில் இருந்த ஒலிப்பொறியாளர் ஈனோவோடு ஒத்துப்போகாமல் பாதியில் கிளம்பிவிட, அந்த இடத்துக்கு வந்தவர். 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' உருவானதில் ஸ்டான்லிக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஃபிரான்ட்ஸ் சொல்லியிருக்கிறார். எத்தனை ரசிகர்களுக்கு அந்தப் பெயர் தெரியும்? எனக்கே பத்து வருஷம் தெரியாது.

உறையில் நான்கு முகங்கள்மேல் சிவப்பு முகமூடி பூசியதுபோல ஒரு படம் இருக்கிறதே, இன்று டீ-சட்டைகளிலெல்லாம் போடுகிறார்களே, அது வேமத்தும் ஃபிரான்ட்ஸும் எம்.ஐ.டி. கணினி ஆய்வாளர்களோடு உட்கார்ந்து செய்தது. ஒரு கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலம். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு 'ஈனோ மேதை' என்று பேசுகிறோம்.

ஆல்பத்தின் பெரிய அநியாயமும் இங்கேதான். பாடல்களை ஐந்து பேரும் சேர்ந்து உருவாக்கியதால் ஐந்து பெயரும் அகரவரிசையில் வரும் என்று குழுவினர் நம்பியிருந்தார்கள். அச்சாகி வந்தபோது உறையில் இருந்தது: டேவிட் பைர்ன், பிரையன் ஈனோ, டாக்கிங் ஹெட்ஸ். வேமத், ஃபிரான்ட்ஸ், ஹாரிசன் மூன்று பேரும் ஒரு கூட்டுப்பெயருக்குள் காணாமல் போனார்கள். யோசித்துப் பாருங்கள். மேசைமேல் வைத்த இசையில் முதன்மை, துணை என்ற பிரிவே இல்லை. மேசைக்கு வெளியே அச்சில் அது பழைய இருக்கைக்கே திரும்பிப் போய்விட்டது. கானாவின் மேளக்காரர்களைப் பற்றிய புத்தகத்துக்குக் கொடுத்த மரியாதையைப் பக்கத்து நாற்காலியில் இருந்த பேஸ் வாசிப்பவருக்குக் கொடுக்க முடியவில்லை. தூரத்துக் கடனை ஒப்புக்கொள்வது சுலபம். வீட்டுக்குள் இருக்கும் கடன்தான் தொண்டையில் சிக்குகிறது. இன்னொன்று, இந்தப் பெயர் அழிப்பைத் தினம் தினம் புதுப்பித்துக்கொண்டிருப்பது ரெக்கார்ட் கம்பெனி இல்லை. நாம்தான். 'பைர்னும் ஈனோவும்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும்.

ரசிகர்கள்மேல் எனக்கு இன்னொரு புகார் உண்டு. ஆல்பத்தை முழுக்கக் கேட்பதே இல்லை. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் வேகமான மூன்று பாடல்கள், இரண்டாம் பக்கம் 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' என்று தொடங்கும். பெரும்பாலோர் அதோடு எழுந்து காபி போடப் போய்விடுவார்கள். ஏழாவது பாட்டு 'லிசனிங் விண்ட்'. மோஜிக் என்று ஒருவன். அவன் மண்ணில் அமெரிக்கர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அவன் வெடிகுண்டு தயாரிக்கிறான். பாட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காதால் காற்றைக் கேட்கிறது. அவனைக் கண்டிக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. 1980-இல் நியூயார்க் குழு ஒன்று இதைப் பாடியது. திருட்டுமுகாம் இந்தப் பாட்டைப் பேசுவதில்லை, ஏனென்றால் அவர்கள் வழக்கைக் குழப்பும். மேதைமுகாமும் பேசுவதில்லை, ஏனென்றால் இதற்கு ஆட முடியாது. என்னைக் கேட்டால், பிறர் இசையை எடுத்துக்கொண்டவர்கள் பிறர் கோபத்தையும் எடுத்துக்கொள்ளத் துணிந்த இடம் அது. அந்த ஆல்பத்தின் நேர்மையை அளக்க விரும்புகிறவன் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

"இசைன்னா உணரணும், இப்படி ரசீது புத்தகம் வெச்சுக்கிட்டு உட்காரக் கூடாது" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயமான ஆட்சேபம்தான். முதல் தடவை கேட்கும்போது எனக்கும் எந்தப் பெயரும் தெரியாது, உடம்புதான் கேட்டது. ஆனால் ஐம்பதாவது தடவை? ஐம்பது தடவை கேட்ட பிறகும் சொல்வதற்கு 'வேற லெவல்' மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை உணர்ச்சி என்று சொல்ல முடியாது, பழக்கம். வேமத்தின் பேஸ் எங்கே இடம் விடுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பாட்டு குறையவில்லை, கூடியிருக்கிறது. டோனி ஆலனைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால் 'பார்ன் அண்டர் பஞ்சஸ்' இன்னும் பெரிதாகிறது. நாவல்களிடமும் நாம் இதையே எதிர்பார்க்கிறோம் அல்லவா?

கடைசியாக, நான் மதிக்கும் ரசிகர்கள் மூன்று பேரைச் சொல்லி முடிக்கிறேன்.

முதல் இருவர் டீனா வேமத்தும் கிறிஸ் ஃபிரான்ட்ஸும். உறையில் பெயர் இல்லாமல் போன அவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. அதே நாசா ஸ்டூடியோவில், அதே ஸ்டீவன் ஸ்டான்லியோடு, 'டாம் டாம் கிளப்' என்று ஒரு குழுவைத் தொடங்கினார்கள். 1981-இல் வந்த 'ஜீனியஸ் ஆஃப் லவ்' பாட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்குப் பிடித்த கறுப்பின இசைக்கலைஞர்களின் பெயர்களை வரிசையாகப் பாடினார்கள். ஜேம்ஸ் பிரவுன், பூட்சி காலின்ஸ், பாப் மார்லி, ஸ்மோக்கி ராபின்சன், கர்ட்டிஸ் புளோ என்று ஒரு பட்டியல். நன்றியுரையே ஆட்டப்பாட்டானது. பெயர் மறுக்கப்பட்டவர்கள் செய்த முதல் காரியம், அடுத்தவர் பெயரைச் சொன்னது. பின்னால் ஹிப்ஹாப்காரர்கள் அந்த இசையை எடுத்துத் தங்கள் பாட்டுகளுக்கு அடித்தளமாக்கிக்கொண்டார்கள். 1995-இல் மரையா கேரியின் 'ஃபேன்டசி' அதன்மேல்தான் நிற்கிறது. கடனைச் சொல்லி வாங்கியதால் அது கைமாறிக்கொண்டே போனது.

மூன்றாவது, ஆஞ்சலிக் கிட்ஜோ. பெனின் நாட்டுப் பாடகி. 1983-இல் அங்கிருந்த சர்வாதிகார ஆட்சியிலிருந்து தப்பிப் பாரிஸுக்கு வந்தார். ஒரு விருந்தில் 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' ஓடியது. இது ஆப்பிரிக்க இசை என்று அவர் சொல்ல, இல்லை, இது ராக் என்று மற்றவர்கள் அடித்துச் சொன்னார்களாம். நம் நண்பர் வீட்டுத் தலையாட்டல்தான், ஊர் மட்டும் வேறு. முப்பத்தைந்து வருஷம் கழித்து, 2018-இல், ரிமெய்ன் இன் லைட்டின் எட்டுப் பாடல்களையும் முதலிலிருந்து கடைசிவரை அவர் மறுபடி பாடி வெளியிட்டார். ஆப்பிரிக்க மொழி வரிகளைச் சேர்த்தார். டிரம்ஸ் வாசிக்க யாரை அழைத்தார் தெரியுமா? டோனி ஆலனை.

கிட்ஜோ வழக்குப் போடவில்லை, ஆல்பத்தைத் தூக்கி எறியவும் இல்லை. பாட்டு எங்கிருந்து கிளம்பியதோ அங்கே கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். இந்த ஆல்பத்துக்கு எழுதப்பட்ட ஆகச் சிறந்த விமர்சனம் என்று நான் நினைப்பது அதைத்தான்.

அடுத்த முறை நண்பர் வீட்டில் யாராவது "காலத்தை முந்தியது மச்சான்" என்று தொடங்கினால் நான் தலையாட்டப் போவதில்லை. முதலில் 'ஆஃப்ரோடிசியாக்' போடச் சொல்வேன். பிறகு ரிமெய்ன் இன் லைட், 'லிசனிங் விண்ட்' முடியும்வரை யாரும் எழக் கூடாது. பிறகு கிட்ஜோ. இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகும் யாருக்காவது ஒரே ஒரு மேதையின் பெயரைச் சொல்லத் தோன்றினால், சொல்லட்டும், நான் மறுக்கவில்லை. ஸ்டீவன் ஸ்டான்லி யார் என்று மட்டும் திருப்பிக் கேட்பேன்.